ஒன்பதாம் பக்கம்

முடிச்சூர்
23.6.2025

அன்புத் தம்பி ஜாகிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் வீட்டாரும் கல்யாணப் பெண்ணான உன் மகள் நிகத்தும் நலமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. என் நலம் நீ நேற்று காதால் கேட்டதுதான்.

இங்கிருந்து நாவலூர் இருபத்தைந்து கிலோமீட்டர், இதற்குப் போய்க் கடிதமா என்று சிரிப்பாய். போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் இருமல் வந்துவிடுகிறது. நீயும் "அப்புறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். எதிர் வீட்டு மெர்வின் சிறுசேரிக்கு உங்கள் கம்பெனி வண்டிதானே ஓட்டுகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தில் இருமல் ஒட்டாது, தைரியமாகப் பிரி.

நேற்று நிச்சயத்தில் மாப்பிள்ளையின் அத்தா அப்துல் கஃபார் உன்னிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இப்படி இருமுறவங்களா கல்யாணத்துக்கு ஆக்கப் போறாங்க? வர்றவங்க என்ன நெனைப்பாங்க?" அவர் கேட்டதில்கூட எனக்குக் கோபமில்லை. கொரோனாவுக்குப் பிறகு பஸ்ஸில் என் பக்கத்து சீட்டே காலியாகத்தான் இருக்கிறது. நீ என்ன பதில் சொன்னாய்? ஷர்பத் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். என் அக்கா இருபத்தேழு வருஷமாகத் தாம்பரம் முழுக்கக் கல்யாணத்துக்கு ஆக்குகிறாள் என்று ஒரு வார்த்தை வரவில்லையா உன் வாயில்?

சானடோரியம் ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்து டிபி இல்லை என்றார்கள். படம் எடுத்து நுரையீரல் சுத்தம் என்றார்கள். ஆஸ்துமாவும் இல்லையாம். ஒன்றுமே இல்லை என்றால் இந்த இழவு ஏன் ஆறு வருஷமாக நிற்கவில்லை?

நிகத் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் வைத்து உன்னிடம் சொன்னேன், இவள் நிக்காஹ் பிரியாணி என் கையால்தான் என்று. நவம்பர் ஒன்பதாம் தேதி அது நடக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

உன் அக்கா,
அக்தர் பேகம்


நாவலூர்
26.6.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை வண்டியிலேயே இரண்டு முறை படித்தேன். அன்று நான் பேசாமல் நின்றது தப்புதான். சம்பந்தி வீட்டாரிடம் முதல் நாளே வாக்குவாதம் வேண்டாமே என்று பார்த்தேன்.

உங்கள் இருமலுக்கு ஒரு வழி இருக்கிறது. எங்கள் ஆபீஸில் புது மருந்துகளின் பரிசோதனைக் கணக்கெல்லாம் வரும். உங்களுக்கு வருவது நுரையீரல் நோய் இல்லை அக்கா, நரம்பு செய்கிற வேலை. சிலருக்குத் தொண்டையிலும் மூச்சுக் குழாயிலும் இருக்கிற நரம்பு முனைகள் தேவைக்கு மேல் விழிப்பாகிவிடும். கொஞ்சம் மிளகாய் நெடி, கொஞ்சம் ஏசி காற்று பட்டாலே போதும், அபாயம் என்று கத்தும். கத்துவதோடு விடாமல் அந்த நரம்புகளே ஏதோ சுரந்து, சுற்றியிருக்கிற சதையைச் சிவக்க வைத்து வீங்க வைக்கும். வீங்கியதால் இன்னும் இருமல், இருமுவதால் இன்னும் வீக்கம். இந்தப் புது மாத்திரை அந்த நரம்பின் வாசலை அடைத்துவிடும்.

பரிசோதனைக்கு ஆள் சேர்க்கிறார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. அதை நடத்துகிற டாக்டர் ஹேமாவதி நல்லவர். திங்கட்கிழமை லீவு போட்டு நானே உங்களைக் கூட்டிப் போகிறேன். கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் பதினாலு பக்கம் இருக்கிறது. நான் முழுவதும் படித்துவிட்டேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

உங்கள் துஆவை வேண்டும் தம்பி,
ஜாகிர்


முடிச்சூர்
4.8.2025

அன்புத் தம்பி ஜாகிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், இருமல் நின்றுவிட்டது! ஆறு வருஷத்துக்குப் பிறகு யாசீன் சூராவை முழுசாக ஓதினேன், ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஷீலா சுவர் மேல் எட்டிப் பார்த்து, "இன்னா அக்தரக்கா, சத்தமே காணோம், உயிரோடதான் கீறியா?" என்றாள். மிளகாய் வறுத்தேன், வெங்காயம் வதக்கினேன், விறகுப் புகையில் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. உனக்கு அல்லாஹ் நூறு வயசு கொடுக்கட்டும்.

இப்போது போனில் பேசலாமே என்பாய். நான்கு தடவை அடித்தேன், நான்கு தடவையும் மீட்டிங். கடிதத்தையாவது படிக்கிறாய்.

ஒரு சந்தேகம். பதினைந்து நாளாக என் நாக்கு சரியில்லை. முதலில் டீ கசந்தது. பிறகு கசப்பும் போய், எதைத் தின்றாலும் ஈரக் காகித அட்டையைத் தின்கிற மாதிரி இருக்கிறது. எலுமிச்சை ஊறுகாயை நக்கிப் பார்த்தேன், தண்ணீர். உப்புக் கல்லை வாயில் போட்டேன், கல்.

டாக்டர் ஹேமாவதி போகும்போதெல்லாம் "நாக்கு ருசி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறார். இருமலுக்கு மருந்து கொடுப்பவர் நாக்கை ஏன் விசாரிக்கிறார்? நான் "நல்லா இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். இல்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்று பயம். நவம்பர் வரைக்கும் இந்த இருமல் வரக் கூடாது.

உனக்கு இது பற்றித் தெரியுமா? அங்கேதானே எல்லாக் கணக்கும் வருகிறது என்றாய்.

உன் அக்கா,
அக்தர் பேகம்


நாவலூர்
9.8.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இருமல் நின்றதில் எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம். சம்பந்தியிடமும் சொல்லிவிட்டேன். "மாஷா அல்லாஹ், அப்ப அவங்களே ஆக்கட்டும்" என்றார்.

நாக்கு விஷயம் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஐம்பத்தெட்டு வயசில் நாக்கு கொஞ்சம் மந்தமாகத்தான் செய்யும். வெற்றிலையை விடுங்கள், சரியாகும். டாக்டர் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான் அது. போட்டு மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ரிலீஸ் நேரம், தலைக்கு மேல் வேலை. நிகத் சலாம் சொல்லச் சொன்னாள்.

தம்பி,
ஜாகிர்


முடிச்சூர்
8.9.2025

ஜாகிருக்கு,

ஸலாம். நேற்று ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் ஒரு வலிமா, மாப்பிள்ளை வீட்டு விருந்து. முந்நூறு பேர். என் மானம் போய்விட்டது.

எங்கள் சமையல் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, நான் வைத்த வழக்கம்தான். மசாலாவில் நான் நாக்கு வைத்துப் பார்த்து "சரி" என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு வேறு யாரும் நாக்கு வைக்கக் கூடாது. பத்துப் பேர் ருசி பார்த்தால் பத்து யோசனை வரும், பத்துப் பிடி உப்பு விழும். இருபத்தேழு வருஷமாக அதை யாரும் மீறியதில்லை.

நேற்று நான் தேக்சா அண்டாவில் கரண்டியை விட்டு எடுத்து நாக்கில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஏற்கெனவே உப்பு போட்டேனா இல்லையா என்பதும் நினைவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். என்ன செய்வேன்? கண்ணை மூடி, யோசிக்கிற மாதிரி நடித்து, இன்னொரு பிடி போட்டு "சரி" என்றேன். தம் போட்டாயிற்று.

முதல் பந்தியிலேயே தட்டெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. பிள்ளைகள் துப்பினார்கள். மாப்பிள்ளையின் தாய் வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், அவள் திட்டியிருந்தால் தேவலை. வெளியே ஹோட்டலிலிருந்து பரோட்டா வரவழைத்தார்கள்.

அஞ்சம்மாள் பதினெட்டு வருஷமாக என்னோடு வெங்காயம் வெட்டுகிறவள். அவள் அழுதுகொண்டே சொன்னாள், "நீ ரெண்டாம் தபா உப்பு போட்டத நான் பாத்தேங்க்கா. நீ நாக்கு வெச்ச அப்புறம் நான் இன்னான்னு சொல்றது?"

அவள் மேல் என்ன தப்பு? என் வாயை நானே கட்டிப்போட்டு, அவள் வாயையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். உனக்கு எழுதிக் கேட்டேனே, வயசு என்றாயே. வெற்றிலையை விட்டு ஒரு மாதமாகிறது, நாக்கு வரவில்லை. இப்போது என்ன சொல்கிறாய்?

அக்தர் பேகம்


நாவலூர்
12.9.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. சேலையூர் வலிமாவுக்கு எங்கள் சம்பந்தி அப்துல் கஃபாரும் வந்திருந்தாராம். அன்று மாலையே போன் செய்தார். அவர் கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். அறுநூறு பேர் வருகிற இடம், வேறு ஆளைப் பார்க்கலாம் என்றார்.

வேறு வழியில்லாமல் பல்லாவரத்தில் ஒரு சமையல் மாஸ்டரிடம் பேசி முடித்துவிட்டேன். உங்களிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். இந்த ஞாயிறும் ஆபீஸ்.

கோபப்படாதீர்கள் அக்கா. நீங்கள் அன்று நிம்மதியாகப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நிகத்தின் அத்தாவோடு பிறந்த மாமியாக முன் வரிசையில் உட்காருங்கள். எத்தனை காலம்தான் புகையில் நிற்பீர்கள்?

தம்பி,
ஜாகிர்


முடிச்சூர்
15.9.2025

ஜாகிர்,

பட்டுப் புடவையா? ஏண்டா, அறுநூறு பேர் வயிறு நிறைவதைப் பார்க்க ஆசைப்பட்டவளுக்குப் பட்டுப் புடவையா பதில்?

உன் கடிதம் வந்த அன்று பீரோவைக் குடைந்தேன். வெள்ளத்தில் ஊறியதிலிருந்து அதன் கதவு சரியாகத் திறப்பதில்லை, ஷீலாவைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னேன். அடியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தின் நகல் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நல்ல தமிழில்தான் எழுதியிருக்கிறார்கள், எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

ஒன்பதாம் பக்கம். "இம்மருந்தை உட்கொள்வோரில் பலருக்கு நாவின் சுவை மாறலாம், குறையலாம் அல்லது முற்றிலும் இல்லாமல் போகலாம். மருந்தை நிறுத்தியதும் சுவை திரும்பும். இதை உடனே மருத்துவரிடம் தெரிவிக்கவும்." பக்கத்தின் ஓரத்தில் பச்சை மையில் ஒரு சின்னக் கோடு. அந்தப் பச்சை மை பேனா நிகத் உனக்குக் கொடுத்தது. நீ படித்திருக்கிறாய். படித்து, கோடும் போட்டிருக்கிறாய்.

அன்று நான் வெளியே வராந்தாவில் பத்து நிமிஷம் விடாமல் இருமிக்கொண்டிருந்தேன். உள்ளே டாக்டர் உன்னிடம் என்ன கேட்டார்? இன்று காலை நானே போய் அவரிடம் விசாரித்தேன். "நாக்கு விஷயத்த அக்காகிட்ட சொல்லுங்கன்னு உங்க தம்பிகிட்ட சொன்னேனே, நான் சொல்லிக்கிறேன் டாக்டர்னு சொன்னாரே" என்றார். அந்த அம்மா முகம் வெளுத்துவிட்டது.

சமையல்காரியின் நாக்கடா அது. கண் போகும் என்று எழுதியிருந்தால் உன் டிரைவரிடம் மறைப்பாயா? கேட்டதற்கு வயசு என்றாய், வெற்றிலை என்றாய். உனக்கு என் இருமல் போக வேண்டும், அவ்வளவுதான். சம்பந்தி முன்னால் உனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு என் நாக்கைக் கொடுத்துவிட்டாய்.

எனக்குப் பதில் வேண்டும். மீட்டிங் என்று எழுதாதே.

அக்தர் பேகம்


நாவலூர்
19.9.2025

அக்காவுக்கு,

ஆமாம், படித்தேன். கோடு போட்டது நான்தான். உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போட்டேன். வராந்தாவுக்கு வந்தபோது நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "எப்படியாவது இத நிறுத்துடா ஜாகிரு" என்றீர்கள். சொன்னால் நீங்கள் கையெழுத்துப் போட மாட்டீர்கள் என்று தெரியும். எல்லோருக்கும் நாக்கு போவதில்லை, உங்களுக்கு மாவு மாத்திரையாகக்கூட இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எப்படிப் போகிறதென்றும் சொல்லிவிடுகிறேன். தொண்டை நரம்பில் இருக்கிற அதே மாதிரி வாசல் நாக்கு நரம்பிலும் இருக்கிறது. ருசி அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. மருந்து ஒன்றை அடைக்கும்போது மற்றதும் அடைபடுகிறது. இதையெல்லாம் ஜூன் மாதமே எழுதியிருக்க வேண்டும்.

வெட்கம் என்று எழுதினீர்கள். அது பொய் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. மன்னித்துவிடுங்கள்.

ஜாகிர்


முடிச்சூர்
20.10.2025

தம்பி ஜாகிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு மாதம் எழுதவில்லை. எழுதியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், நாக்கு போன தேதி, நான் சொன்ன பொய், சேலையூர் வரை. அவர் திட்டவில்லை. "நீங்க நல்லா இருக்குன்னு சொன்னா நான் அதத்தானே எழுதுவேன்? நாளைக்கு இத சாப்பிடப்போற எத்தனையோ பேருக்கு அது தப்பான கணக்கும்மா" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன்னை மட்டும் சொல்லி என்ன? நானும் அந்த அம்மாவிடம் பொய்தான் சொன்னேன். மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

பத்தாம் நாள் ஷீலா டீ கொண்டு வந்தாள். ஒரு வாய் குடித்தேன், சப்பென்று இருந்தது. என் நாக்கு இன்னும் வரவில்லை என்று உட்கார்ந்து அழுதேன். அவள் பயந்துபோய், "அய்யோ அக்தரக்கா, உனுக்குத்தான் ஒண்ணும் தெரியலியேன்னு ரெண்டு மாசமா சக்கரையே போடாம குடுத்துனுகீறேன்" என்றாள். மறுபடி ஒரு வாய் குடித்தேன். டீயில் இஞ்சி தெரிந்தது, ஏலக்காய் தெரிந்தது, சர்க்கரை இல்லாததும் தெரிந்தது! அவளை அடிக்கவா கட்டிக்கொள்ளவா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

நாக்கு வந்த ஐந்தாம் நாள் இருமலும் வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து என் உடம்பில் குடியிருக்காது போலிருக்கிறது. யோசித்துப் பார்த்தேன், இரண்டில் ஒன்று என்றால் எனக்கு நாக்குதான் வேண்டும்.

கூட்டத்தில் வழக்கத்தை மாற்றிவிட்டேன். இனி நான் நாக்கு வைத்த பிறகு அஞ்சம்மாள் வைப்பாள், அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. மூன்று பேரும் சொன்னால்தான் தம். வாயில் துணி கட்டிக்கொண்டுதான் தேக்சா பக்கமே போகிறேன்.

பல்லாவரத்து மாஸ்டரை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற ஞாயிறு ஒரு படி அரிசிக்குப் பிரியாணி போடுகிறேன். நீ இங்கே வந்து ஒரு தட்டு சாப்பிட்டு, உப்பு சரியாக இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். சரியாக இருந்தால் சம்பந்தியிடம் ஒரு தடவை, ஒரே தடவை, எனக்காகப் பேசு. அவர் மாட்டேன் என்றால் போகட்டும். நீ பேசினாய் என்பது எனக்குப் போதும்.

உன் அக்கா,
அக்தர் பேகம்


முடிச்சூர்
12.11.2025

தம்பி ஜாகிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அந்த ஞாயிறு அஸர் தொழுகை நேரம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை, எழுதவும் இல்லை. உனக்கென்று மூடி வைத்த தட்டை ஷீலா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. அதற்கு அல்லாஹ்வுக்கு ஆயிரம் நன்றி. நீ வாசலில் சம்பந்தியோடு நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தாய், அதனால் பெண்கள் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. சொல்கிறேன்.

சம்பந்தி வீட்டு வழக்கப்படி சஹன் வைத்தார்கள், ஒரு பெரிய தட்டுக்கு நான்கு பேர். நான் உட்கார்ந்த தட்டில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மூன்று பேர். பிஸ்மி சொல்லிக் கையை வைத்தேன், இருமல் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பித்தான் இருமினேன். நிமிர்ந்து பார்த்தால் மூன்று பேர் கையும் தட்டில் இல்லை. ஒருத்தி போன் வந்தது என்று எழுந்தாள். மற்ற இரண்டு பேரும் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று போனார்கள். நான்கு பேர் தட்டின் முன்னால் நான் ஒருத்தி. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று காலை எடுத்தேன்.

மேடையிலிருந்து நிகத் இறங்கி வந்தாள். அத்தனை நகை, அத்தனை ஜரிகை, இரண்டு பேர் பிடித்துக்கொள்ளாமல் நடக்கவே முடியாது அவளால். நேராக வந்து என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மருதாணிக் கையால் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டாள். "மாமி, உப்பு கம்மி" என்றாள். "பேசாம சாப்புடுடி, ஊரே பாக்குது" என்றேன். "பாக்கட்டும் மாமி" என்றாள். அவள் வாயில் நான் ஒரு கவளம் வைத்தேன், என் வாயில் அவள் ஒன்று வைத்தாள். நான் இருமினேன், அவள் நகரவில்லை.

உன்னிடம் நான் இருபத்தைந்து கிலோமீட்டர்தான் கேட்டேன் ஜாகிர். அவள் அத்தனை பேர் பார்க்க மேடையை விட்டு இறங்கி வந்தாள்.

டாக்டர் ஹேமாவதி கூப்பிட்டார். நாக்கை அதிகம் தொடாத வேறொரு மாத்திரைக்குத் தை மாதத்துக்குப் பிறகு பரிசோதனை வருமாம். சேருகிறீர்களா என்று கேட்டார். காகிதத்தை முதலில் கொடுங்கள், வீட்டுக்குக் கொண்டு போய் எல்லாப் பக்கத்தையும் நானே படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ கூட வர வேண்டாம்.

மெர்வின் கையில் டிபன் கேரியர் வருகிறது. அன்று உனக்காகப் போட்ட அதே அளவு பிரியாணி, இன்று காலை மறுபடியும் போட்டேன். மேல் அடுக்கில் தால்சா, கீழே பிரெட் அல்வா. மூன்று பேர் நாக்கு வைத்துப் பார்த்தாயிற்று, உப்பு சரியாக இருக்கிறது. ஆபீஸிலேயே சாப்பிடு, ஆறவிடாதே.

கேரியரைக் கழுவி மெர்வினிடம் கொடுத்தனுப்பாதே, நான் வாங்க மாட்டேன். நீயே கொண்டு வா. என்றைக்கு வந்தாலும் சரி, வந்து எதிரில் உட்கார்ந்து நீ பேசு. எனக்குப் பேசினால் இருமல் வரும்.

உன் அக்கா,
அக்தர் பேகம்